என்ஜின் போனால்: பிரித்துப் பார்ப்பதா, வேறு போட்டுவிடுவதா?

ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் போயிற்று. ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால், ஆறாவது கியரில், தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலரேட்டரில் கால் பட்டும் படாமலும் இருந்த நேரத்தில். சித்தப்பா பையன் போனில் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "அண்ணா, வாளிக்குள்ள கல்லைப் போட்டு உருட்டின மாதிரி ஒரு சத்தம். அப்புறம் புகை. அப்புறம் ஒண்ணுமே இல்லண்ணா." நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி ஓரத்தில் நின்றது. பின்னால் ரோட்டில் இருபதடிக்கு ஆயில் கோடு.

இதே வண்டியை இரண்டு மாதம் முன்புதான் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு நாள் முழுக்கக் கசக்கியிருந்தான். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த முரண்பாட்டைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

வண்டி 2 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான். இரும்பு பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் என்ஜினின் உடல்), டைரக்ட் இன்ஜெக்‌ஷன், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதன் மேல் ஸ்டேஜ் 2 ரீமேப் (கூடுதல் சக்திக்காக என்ஜின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றுவது; ஸ்டேஜ் ஏற ஏற சக்தி கூடும்), பெரிய டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), பெரிய இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), முன் பம்பருக்குப் பின்னால் தாழ இறக்கி வைத்த, என்ஜினுக்குக் காற்று இழுக்கும் ஒரு கோன் ஃபில்டர். சென்னையில் இப்படிப்பட்ட வண்டிகள் இப்போது நிறையவே ஓடுகின்றன.

மறுநாள் காலைக்குள் நான்கு தீர்ப்பு வந்துவிட்டது. மேப் போட்டவர் "ஆயில் சரியில்லை" என்றார். ஆயில் மாற்றிய பட்டறை "மேப்தான் காரணம்" என்றது. நண்பர் ஒருவர் பெட்ரோலைக் குறை சொன்னார். இன்னொருவர் காரணமே கேட்கவில்லை, நேரே பழைய பாகங்கள் விற்கும் சந்தைக்குப் போய்விட்டார். "புதுப்பேட்டையில ஒரு என்ஜின் இருக்கு, நாளைக்கே பார்க்கலாம்" என்றார். நான்கு பேரில் ஒருவர்கூட போனட்டைத் திறந்து பார்த்திருக்கவில்லை.

என்ஜின் போனவுடன் எல்லோரும் தாவுவது "எந்த என்ஜின் போடலாம்?" என்ற கேள்விக்கு. அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: பழையது ஏன் போனது என்று கண்டுபிடிக்க எவ்வளவு தூரம் போவது? என் கட்சி என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டாவது கேள்விக்குச் செலவழிக்கும் பணம்தான் மொத்தத்தில் மலிவான பணம்.

திறக்காமல் எவ்வளவு தெரியும்?

பிளாக்கில் ஓட்டை விழாத என்ஜின் என்றால், வெளியிலிருந்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். சத்தம் வந்து நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்கக்கூடாது. அந்த ஒரு "பார்த்துடலாமே"வில் பிழைக்கக்கூடிய கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) செத்துப்போகும். இன்னொன்றும் உண்டு. கம்பெனி மேப்பைத் திரும்ப ஏற்றி ரீமேப்பை மறைக்கலாம் என்று சிலருக்கு யோசனை வரும். வேண்டாம். என்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வில் பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடுகளும், அந்த நொடியின் விவரங்களும் அதோடு அழிந்துபோகலாம். விசாரணைக்கு முன்னால் சாட்சியைக் கொல்வது போல அது.

கம்ப்ரெஷன் டெஸ்ட் எல்லோரும் செய்வது. இந்த வகை என்ஜினில் நல்ல நிலையில் 11 முதல் 14 பார் வரை காட்டும். சிலிண்டருக்கு சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு. ஆனால் எந்த சிலிண்டர் என்பதை மட்டும்தான் அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. லீக்-டவுன் டெஸ்ட் அதைவிட ஒரு படி மேலே. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்றைச் செலுத்திக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆயில் மூடியில் காற்று வந்தால் ரிங் அல்லது பிஸ்டன். சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. கூலன்ட்டில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். எளிமையான சோதனைதான், என்றாலும் நம் ஊர்ப் பட்டறைகளில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. நேரம் பிடிக்கும், சத்தம் அடங்கிய இடம் வேண்டும், அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பிளக் ஓட்டைக்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கேமராவான போரோஸ்கோப் இப்போது சல்லிசாகக் கிடைக்கிறது, போனிலேயே பார்க்கலாம். பிஸ்டன் தலையில் ஓட்டை, வால்வு இடித்த பிறை வடிவத் தழும்பு, சுவரில் கீறல் எல்லாம் தெரியும். ரிங்குக்குக் கீழே நடந்தது எதுவும் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்ப்பது. ஹேக்சா வைத்து அறுத்தால் ரம்பத் தூளே உள்ளே விழுந்து குழப்பும்; அதற்கென்று ஃபில்டர் கட்டர் இருக்கிறது. உள்ளிருக்கும் காகித மடிப்பை வெட்டி எடுத்து, வெள்ளைத் தட்டில் விரித்து, மேலே ஒரு காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டுவது இரும்பு: ரிங், கிராங்க், செயின். ஒட்டாமல் வெள்ளி நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் பிஸ்டனின் அலுமினியம். செம்பு நிறத்தில் மினுங்கினால் பேரிங். காசே செலவில்லாமல் பாதி விசாரணை முடிந்துவிடும்.

எங்கள் வண்டிக்கு இதில் பாதி தேவைப்படவில்லை. ரெக்கவரி வண்டியில் அம்பத்தூர் பட்டறைக்கு ஏற்றி வந்து, அடியில் இருந்த பிளாஸ்டிக் தட்டைக் கழற்றியதும் மெக்கானிக் பாய் டார்ச் அடித்துக் காட்டினார். பிளாக்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல். அதற்குள்ளிருந்து, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடின் ஒரு முனை எட்டிப் பார்த்தது.

"இதுக்கு மேல என்ன சார் டயக்னோஸ் பண்றது? வேற என்ஜின் போட்டுடலாம்," என்றார். நியாயமான பேச்சுதான். முழுசாகப் பிரிக்க இரண்டு மூன்று நாள் கூலி, எப்படியும் குப்பைக்குப் போகிற என்ஜின். ஆனாலும் பிரிக்கச் சொன்னேன். அடுத்து வரும் என்ஜினும் இதே பம்பர், இதே மேப், இதே ஆயில், இதே டிரைவரோடுதான் வாழப் போகிறது.

உடைந்த பாகங்கள் பேசுவது

பிரிக்கும்போது இரண்டு விஷயத்தில் பிடிவாதம் பிடித்தேன். ஒவ்வொரு பாகத்திலும் சிலிண்டர் எண் எழுத வேண்டும். எந்தத் துண்டையும் தூக்கிப் போடவோ கழுவவோ கூடாது. பட்டறைப் பையன் பழக்கதோஷத்தில் பிஸ்டனை டீசலில் முக்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தக் கரியில்தான் கதையே இருக்கிறது.

முதல் சந்தேகம் மேப்தான். ஸ்டேஜ் 2 என்றால் நாக்கிங் (பெட்ரோல்-காற்றுக் கலவை ஒழுங்காக எரியாமல் வெடிப்பது) பயம் எப்போதும் உண்டு. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். எரியும் வாயு அதைவிடப் பல மடங்கு சூடு. அப்படியும் பிஸ்டன் உருகாமல் இருப்பதற்குக் காரணம், அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலமும், கீழே தெறிக்கும் ஆயிலும். நாக்கிங் வந்தால் அதன் அதிர்ச்சி அலை அந்தப் படலத்தைக் கலைத்துவிடும். அப்புறம் பிஸ்டன் விளிம்பில் மணல் தெறித்தது போலப் பொத்தல் விழும், ரிங்குகளுக்கு இடையே இருக்கும் விளிம்பு உடையும், பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் அலுமினியப் பொட்டுகள் ஒட்டியிருக்கும். சிறிய டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜின்களுக்கென்றே இன்னொரு வியாதியும் உண்டு: குறைந்த ஆர்.பி.எம்.மில், அதிக பாரத்தில், பிளக் பற்றவைக்கும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது. அமெரிக்க பெட்ரோலிய அமைப்பான ஏ.பி.ஐ.யின் எஸ்.பி. தர ஆயில் 2020-ல் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கத்திரி வெயிலில், ஏ.சி. போட்டு, மேம்பாலத்தில் உயர்ந்த கியரிலேயே இழுக்கிற நம் பழக்கம் இதற்கு ரொம்பத் தோதானது.

எங்கள் பிஸ்டன்களில் இது எதுவுமே இல்லை. முழுசாக மிஞ்சிய மூன்றின் தலையிலும் சீரான கரி; பிளக் நான்கும் சுத்தம். டிராக் நாளில் எடுத்து வைத்திருந்த லாக் ஃபைலையும் திறந்தோம். நாக்கிங்கைத் தவிர்க்க இக்னிஷன் பின்வாங்கியது பயப்படும்படி இல்லை, டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்ட் அளவோடு இருந்தது, கலவை முழு பாரத்தில் தேவையான அளவு செழிப்பாகவே இருந்தது. மேப் போட்டவரைத் திட்டிய திட்டுக்கு மானசீகமாக ஒரு மன்னிப்பு.

அடுத்தது ஆயில். டிராக்கில் நீண்ட வளைவுகளில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சினால், முதலில் போவது ராடு பேரிங். அங்கே இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமுடித் தடிமன்தான். அந்த ஆயில் படலம் போனால் உலோகத்தோடு உலோகம் உரசி, செம்பு தெரிந்து, ராடின் அடிப்பக்கம் நீலம் பாரித்துப்போகும். பேரிங்குகளை எடுத்து வரிசையாக வைத்தோம். மூன்றாவது சிலிண்டருடையது நசுங்கிச் சிதைந்திருந்தது. மற்ற மூன்றும் புதுசு போல. நீல நிறம் எங்குமே இல்லை. ஆக ஆயிலும் குற்றவாளி இல்லை.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்பதால் தவறான கியர் விழுந்து ஆர்.பி.எம். எகிற வழியில்லை. செயின் இடம் மாறவில்லை. டர்போ இறக்கை முழுசாக இருந்தது.

பிறகு பாய்தான் கண்டுபிடித்தார். சிலிண்டர் சுவரின் உச்சியில், பிஸ்டன் ரிங் எட்டாத இடத்தில் ஒரு கரி வளையம் படியும். நான்கு சிலிண்டரிலும் அது ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கீழே இன்னொரு கோடு இருந்தது. அதாவது அந்த இரண்டு பிஸ்டனும் கொஞ்ச காலமாக உச்சிவரை போகவில்லை.

ராடுகளை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த பெரியவர் இரண்டாவது ராடை சர்ஃபேஸ் பிளேட்டில் படுக்கவைத்து, அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் சொருகினார். இலை நுழைந்தது. "வளைஞ்சிருக்கு தம்பி, கண்ணுக்குத் தெரியாது," என்றார். உடைந்த மூன்றாவது ராடின் முறிவுப் பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், ஒரு மூலையிலிருந்து கிளிஞ்சல் ஓட்டில் இருப்பது போல வரி வரியாக வளைவுகள். கடைசிக் கால் பங்கு மட்டும் சொரசொரப்பாக. ஒரே அடியில் முறிந்த இரும்பில் அந்த வரி இருக்காது. வளைந்துபோன ராடு ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு, மிச்சமிருந்த இரும்பு தாங்க முடியாத நாளில் போயிருக்கிறது. அந்த நாள் பிரியாணி நாளாக அமைந்தது வெறும் தற்செயல்.

இரண்டு ராடை ஒரே நேரத்தில் எது வளைக்கும்? தண்ணீர். கணக்கு எளிது. 1984 சி.சி.யை நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டர் 496 சி.சி. கம்ப்ரெஷன் விகிதம் 9.6 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 58 மில்லி. டீக்கடை கிளாஸில் அரை கிளாஸ். அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டனுக்குப் போக இடமில்லை. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது, ராடுதான் வளைய வேண்டும்.

தம்பியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "நவம்பர் மழையில பள்ளிக்கரணைகிட்ட ஒரு தடவை நின்னுச்சுண்ணா. பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் டிராக்குக்கே போயிட்டு வந்தேனே!" முழங்கால் தண்ணீரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கோன் ஃபில்டர். இன்டர்கூலர் குழாயைக் கழற்றினால் உள்ளே காய்ந்த வண்டல் ஒரு கோடு கட்டியிருந்தது. அன்றைக்கே ஒரு கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்திருந்தால் இரண்டு சிலிண்டர் குறைத்துக் காட்டியிருக்கும். ராடு ஒரு மில்லிமீட்டர் குட்டையானாலே 9.6 விகிதம் 8.9-க்கு இறங்கிவிடும்.

சரி, எந்த என்ஜின்?

விலை மாதத்துக்கு மாதம் மாறும், டாலரோடும் ஏறி இறங்கும். அதனால் நாங்கள் விசாரித்ததை விகிதமாகவே சொல்கிறேன். பழைய என்ஜினின் விலையை ஒன்று என்று வைத்துக்கொண்டால், இருக்கிறதைப் பிரித்துக் கட்டுவது ஏறக்குறைய அதே அளவு. கம்பெனியின் புது ஷார்ட் பிளாக் (பிளாக், கிராங்க், ராடு, பிஸ்டன் சேர்ந்த கீழ்ப்பாதி) கூலியோடு இரண்டுக்கு மேல். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய, உறுதி கூடிய) பிஸ்டன், ராடு போட்டுக் கட்டுவது இரண்டரையைத் தொடும், கடைசியில் அங்கேயும் நிற்காது.

பிரித்துக் கட்டுவது எங்களுக்கு இல்லை. ஜன்னல் விழுந்த பிளாக்கை வெல்டு வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வார்ப்பிரும்பு வெல்டுக்கு அடங்காது, சூட்டில் திரும்ப வெடிக்கும். ஆனால் உங்கள் என்ஜின் பேரிங் மட்டும் போன கதை என்றாலோ, சுவரில் லேசான கீறல் என்றாலோ, இதுதான் முதல் தேர்வு. இரும்பு பிளாக் என்பதால் போர் செய்து, அதாவது சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். இப்போதைய ராடுகள் பல, அடிப்பக்கத் தொப்பியைத் தயாரிக்கும்போதே முறித்துப் பிரித்தவை, அதன் தொப்பி அதற்கு மட்டுமே பொருந்தும். மாற்றி மாட்டினால் தொலைந்தது. ஹெட் போல்ட், ராடு போல்ட் எல்லாம் ஒரு தடவை இழுபட்டால் அவ்வளவுதான், புதுசு போட வேண்டும். "நல்லாத்தான் சார் இருக்கு" என்று பழைய போல்ட்டையே முறுக்கும் இடத்தில் வேலை கொடுக்காதீர்கள்.

புது ஷார்ட் பிளாக்குக்கு ஒரு பெரிய நல்ல குணம்: பழைய வரலாறு கிடையாது. காத்திருக்க வேண்டும், பணம் வலிக்கும், ரீமேப் உள்ள வண்டிக்கு வாரன்டி என்று பேச ஆரம்பித்தாலே கம்பெனி சிரிக்கும். வண்டியை இன்னும் ஏழெட்டு வருடம் வைத்துக்கொள்வதாக இருந்தால் யோசிக்கலாம்.

தம்பி ஆசைப்பட்டது ஃபோர்ஜ்டு. "இனிமே உடையவே உடையாதுண்ணா." ஆசை புரிகிறது. ஆனால் எந்தக் காரணத்துக்கு எந்த மருந்து என்று பாருங்கள். நாக்கிங்கில் போன என்ஜினுக்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன் கொஞ்சம் கூடுதல் ஆயுள் தரும், ஆனால் மருந்து மேப்பைச் சரிசெய்வதுதான். ஆயில் இல்லாமல் போனதற்கு மருந்து ஆயில் தேங்கும் சம்ப்பில் தடுப்புத் தகடும், ஆயில் அளவைப் பார்க்கும் பழக்கமும். தண்ணீர் குடித்துப் போனதற்கு? ஃபோர்ஜ்டு ராடும் தண்ணீரை அழுத்தாது. அதோடு ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் இடைவெளி கூட வைத்துக் கட்டுவார்கள். காலையில் குளிர்ந்த என்ஜினில் டக் டக் சத்தம், கொஞ்சம் கூடுதல் ஆயில் குடி. அண்ணா சாலை நெரிசலில் தினமும் ஆபீஸ் போகிற வண்டிக்கு இது எதற்கு?

மிஞ்சியது பழைய என்ஜின். புதுப்பேட்டையில் கேட்டால் எதுவும் கிடைக்கும் என்பார்கள், பெரும்பாலும் உண்மை. வெளிநாட்டிலிருந்து வரும் ஹாஃப் கட்டில் (வெட்டி எடுத்த வண்டியின் முன்பாதி) கியர்பாக்ஸ், வயரிங் எல்லாம் சேர்ந்து வரும். இங்கே ஆபத்து என்னவென்றால், அடுத்தவர் ஏன் விற்றார் என்று நமக்குத் தெரியாது. லீக்-டவுன் டெஸ்டின் அருமை இங்கேதான் தெரியும்: தரையில் கிடக்கும் என்ஜினுக்குக்கூட அதைச் செய்யலாம், காற்று இருந்தால் போதும். ஆயில் மூடியைத் திறந்து கறுப்புக் களி இருக்கிறதா பாருங்கள், கிராங்கைக் கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். கடைக்காரர் சோதனைக்கு விடமாட்டேன் என்றால் அந்த என்ஜின் வேண்டாம், எவ்வளவு குறைத்தாலும்.

காகிதமும் முக்கியம். என்ஜின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு மாற்றங்களைப் பற்றியது. எண் மாறினால் ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும், அதற்கு ஒழுங்கான பில் வேண்டும். பில் இல்லாத என்ஜின் யாருடைய வண்டியிலிருந்து வந்ததோ, யார் கண்டது.

இன்சூரன்ஸைப் பற்றிக் கேட்பீர்கள். சாதாரண பாலிசி இயந்திரக் கோளாறை ஏற்காது. தண்ணீர் புகுந்த என்ஜினுக்கு என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் இருக்க வேண்டும், சர்வேயர் பார்க்கும் முன் பிரித்திருக்கக்கூடாது, செய்த மாற்றங்களைச் சொல்லியிருக்க வேண்டும். தம்பி மூன்றிலும் தோற்றான். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்கு அப்புறமும் சென்னையில் அந்தக் கவர் இல்லாமல் வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கடைசியில் பில்லோடு ஒரு பழைய என்ஜின் எடுத்தோம். மாட்டும் முன் சம்ப்பை இறக்கி பேரிங் பார்த்து, அதை மட்டும் புதுசு போட்டோம். செயின், டென்ஷனர், வாட்டர் பம்ப்பும் புதுசு. ஆயில் கூலரை மாற்றினோம். உடைந்த என்ஜினின் உலோகத் தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதைக் கழுவி மாட்டினால் புது என்ஜினுக்கு முதல் நாளே விஷம். டர்போவின் ஆயில் குழாயும் புதுசு, இன்டர்கூலரைக் கவிழ்த்துக் கழுவினோம். மேப் ஸ்டேஜ் 1-க்கு இறங்கியது. காற்று இழுக்கும் பெட்டி, கம்பெனி வைத்த உயரத்துக்கே திரும்பிப் போனது.

கோன் ஃபில்டரை ஆன்லைனில் போட்டான், இரண்டே நாளில் விற்றுவிட்டது. வாங்கிய பையன், மழைத்தண்ணீர் தேங்குவதற்குப் பேர்போன வேளச்சேரி. "எங்க மாட்டப் போறான்னு கேட்டியா?" என்றேன். கேட்டானாம். பம்பருக்குப் பின்னாலதானாம்.